லால்பஜாருக்குச் சென்று வந்தோம்

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் நம் அன்பர்கள் அனைவரும் அறிந்தவையே. காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌரா பாலம். இன்னும் ஒரு நாள் மீதமிருந்தால் அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலை. 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்ட போதிலும் நம் வீடுகளில் இன்றும் கல்கத்தாவாகவே வழங்கிவரும் இப்பெருநகரில், வேறு பார்க்கத் தக்கவை இல்லை என்று வந்தவர்கள் எண்ணிக்கொண்டு திரும்பினால், அது அவர்கள் பிழையன்று, நம் பிழையே.

அவ்வாறு நான் பாராமல் விட்டிருந்த தெரு ஒன்று உண்டு. லால்பஜார் காவல்துறைத் தலைமையகத்தின் அருகே, நாற்சந்தியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரவீந்திர சரணியின் தொடக்கப் பகுதியே அது. என் அலுவலகம் பழைய டல்ஹௌசி சதுக்கத்தை ஒட்டியிருப்பது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அலுவலகம் நோக்கி நடக்கையில் அந்த நாற்சந்தியைக் கடந்துதான் நாள்தோறும் செல்லுகிறேன். பதினோர் ஆண்டுகளில் ஒரு முறையேனும் வலப்புறம் திரும்பி உள்ளே நுழைந்ததில்லை. சென்ற டிசம்பர் மாதத்தில், ஒரு சனிக்கிழமை முற்பகலில், என் மகளின் பொருட்டு அத்தெருவுக்குள் செல்ல நேர்ந்தது. அங்கே கண்டதையும் கற்றதையும் நம் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன். நான் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டவன். சங்கீத ஞானமும் கேள்வி ஞானமே. சொல்வதில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் கிதார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைக் கூறிவிடுகிறேன். என் மகளுக்கு வயது பதினொன்று. 1982-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ திரைப்படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘இளைய நிலா’ என்னும் பாட்டு எங்கள் இல்லத்தில் அடிக்கடி ஒலிப்பது. பாட்டைக் காட்டிலும் அதில் இழைந்தோடும் கிதார் இசையே அவள் மனத்தைக் கவர்ந்தது. ‘அப்பா, எனக்கும் அது வேண்டும்’ என்று ஓராண்டுக் காலம் கேட்டு வந்தாள். புதிதாக வாங்கும் வசதி இல்லை. ஆவணி மாதத்தில் எங்கள் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிச் சென்ற ஒரு வங்காளக் குடும்பத்தார் தங்களிடமிருந்த கிதாரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துச் சென்றனர். எஃகுத் தந்திகள் ஆறு பூட்டிய சாதாரணக் கருவி. அடுத்த தெருவிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து கற்பிக்க இசைந்தார்.

தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. தந்திகள் விரற்பலகையை விட்டு மிகவும் உயர்ந்து நின்றன. அழுத்தி அழுத்திக் குழந்தையின் விரல்நுனிகள் சிவந்தன. அதற்கு நானே ஒரு வழி செய்து கொடுத்தேன். அவ்வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பின்னால் வரும்.

பூஜை விடுமுறை கழிந்து குளிர் தொடங்கியது. அதனோடு கிதாரில் ஒரு கரகரப்பும் தொடங்கியது. தடித்த தந்தியை முதல் மெட்டிலோ மூன்றாம் மெட்டிலோ அழுத்தி மீட்டினால், நாதத்தோடு கூடவே, தகரத்தின் மேல் ஈ சிறகடிப்பது போன்ற ஓர் ஒலி எழும். பயிற்சியளித்த மாணவர், ‘நன்றாக அழுத்து’ என்றார். நானும் அதையே சொன்னேன். முதலில் அன்பாகச் சொன்னேன்; பிறகு கடிந்து சொன்னேன். ‘கவனம் இல்லாததால்தான் இப்படி இரைகிறது. பத்து நிமிடம் ஒழுங்காக அழுத்திப் பிடிக்க முடியாதா?’ என்று ஒருநாள் குரலை உயர்த்தியும் விட்டேன். அவள் பதில் பேசவில்லை. விரல்நுனித் தோல் உரியும் வரை அழுத்தினாள். கரகரப்பு நிற்கவில்லை.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் வாசிப்பதற்கு அவள் பெயர் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருநாள் இரவு, நான் உணவருந்திக் கொண்டிருக்கையில் அருகில் வந்து நின்று, ‘அப்பா, விழாவிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்குக் கிதார் வராது’ என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை, நன்றாக யோசித்து முடிவு செய்தவளைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

என் இல்லாள் அப்போது ஒரு வார்த்தை சொன்னாள்: ‘குழந்தையின் விரலை ஆளாளுக்குக் குறை சொல்கிறீர்களே, அந்தக் கருவியை யாரேனும் பார்த்தீர்களா?’ அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம்.

லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழும் நம்மவர்க்குக் காளிகட்டம் மெட்ரோ நிலையம் கூப்பிடு தூரம். 1984-ஆம் ஆண்டு அக்டோபரில் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய இந்த ரயிலே இந்தியாவின் முதல் மெட்ரோ. பிற நகர்களின் மெட்ரோக்கள் தனி நிறுவனங்களால் நடத்தப்பட, இந்நகர மெட்ரோ மட்டும் இந்திய ரயில்வேயின் ஒரு மண்டலமாகவே 2010-ஆம் ஆண்டு முதல் விளங்கி வருகிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு சிறு பெருமை உண்டு, அன்பர்கள் மன்னிக்க. வண்டியில் என் மகள் கிதாரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ‘வாசிப்பாயா?’ என்று எதிரிலிருந்த மூதாட்டியார் வங்காளத்தில் வினவினார். ‘இல்லை, பழுது பார்க்கக் கொண்டு போகிறோம்’ என்று மட்டும் அவள் விடை கூறினாள்.

சென்ட்ரலில் இறங்கி, விபின் பிஹாரி கங்குலி வீதி வழியே மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் நாற்சந்தி வந்துவிடும். அங்கிருந்து வடக்கே திரும்பியதும் காட்சி மாறுகிறது. இருபுறமும் இசைக்கருவிக் கடைகள். கூரையிலிருந்து கிதார்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆர்மோனியங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தபலா, கோல், டோலக் ஆகியவற்றுக்குத் தோல் இழுத்துக் கட்டுவோர் கடைவாயிலிலேயே அமர்ந்திருக்கின்றனர். கல்யாண ஊர்வலத்துக்குரிய பித்தளை வாத்தியங்கள் வெயிலில் மின்னுகின்றன. ஒரு கடையில் சுருதி பார்க்கும் ஒலி, மறுகடையில் சுத்தியல் ஒலி, நடுவே கைவண்டிக்காரரின் கூவல். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் சிதாரில் காதை ஒட்டவைத்து ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டிக் கொண்டிருந்தார். அவர் காதில் மற்ற எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

இச்சாலை முன்பு சித்பூர் சாலை என்று பெயர் பெற்றிருந்தது. இந்நகரத்தின் மிகப் பழைய வழிகளுள் ஒன்று. வடக்கே சித்பூரிலிருந்து தெற்கே காளிகட்டத்துக்கு யாத்திரிகர் நடந்து சென்ற பாதை இதுவே என்பர். இன்னும் வடக்கே சென்றால் நாகோதா மசூதி வரும். அதனையும் கடந்து சென்றால், சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஜோடாசாங்கோ தாகூர் மாளிகை உள்ளது. 1861-ஆம் ஆண்டு ரவீந்திரநாதர் பிறந்தது அங்கேதான். பாட்டுக்கே வாழ்ந்தவரின் பெயரைத் தாங்கிய சாலையில் இசைக்கருவிக் கடைகள் நிறைந்திருப்பது பொருத்தமே.

கிதார் மேல்நாட்டுக் கருவியாயிற்றே, அது இங்கு எவ்வாறு வேரூன்றியது என்று அன்பர்கள் வினவலாம். ஹவாய்த் தீவுகளைச் சார்ந்த தௌ மோ என்னும் கலைஞர் 1940-களில் இந்நகரில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். ஹவாய் முறையில் கிதாரை மடியில் படுக்க வைத்து, மெட்டுகளில் விரலால் அழுத்தாமல், எஃகுத் துண்டொன்றைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிப்பர். குரலைப் போலவே வளைந்தும் குழைந்தும் செல்லக்கூடிய அந்த நாதம் வங்காளிகளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ரவீந்திர சங்கீதத்தை ஹவாய் கிதாரில் வாசிப்பது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகவே ஆயிற்று. சுனில் கங்குலியின் இசைத்தட்டுகள் இங்கு வீட்டுக்கு வீடு ஒலித்தவை. பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா அதே கிதாரில் இராகங்களை விரிவாக வாசிக்கலானார். 1967-ஆம் ஆண்டில் சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் சேர்ந்து வழங்கிய இசைத்தட்டு நாடெங்கும் புகழ் பெற்றது. நிமிர்த்தி வைத்து விரலால் அழுத்தி வாசிக்கும் ஸ்பானிய முறையும் கூடவே வளர்ந்தது. இன்று இளைஞர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுவே.

நாங்கள் தேடிச் சென்ற மிஸ்திரியின் பட்டறை ஒரு கடையின் பின்புறத்தில், மரப்படி ஏறிச் செல்லும் சிறு அறை. வயது அறுபதுக்கு மேலிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். வங்காளத்தில் என்னைவிட என் மகளே வல்லவள். ஆதலால் பேச்சை அவளிடமே விட்டுவிட்டேன். அவள் அவரைத் ‘தாது’ என்று விளித்தாள்; நாம் தாத்தா என்பது போல. அவர் அவளை ‘மா’ என்று அழைத்தார். சிறு பெண்களை அம்மா என்று அழைக்கும் நம் ஊர் வழக்கம் வங்காளத்திலும் இருப்பதைப் பலமுறை கேட்டிருந்தும் அன்று அது இதமாக இருந்தது.

மிஸ்திரி செய்த முதற்காரியம் தந்திகளைச் சுருதி சேர்த்தது. ‘தந்தி தளர்ந்திருந்தால் எந்தக் கருவியும் இரையும். முதலில் அதைச் சரிசெய்த பிறகே மற்றப் பேச்சு’ என்றார். அடுத்து, எங்கே கரகரக்கிறது என்று மகளை வாசித்துக் காட்டச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி வாசித்தாள். அவர் கருவியை வாங்கி, அதே தந்தியில், அதே மெட்டுகளில், மெட்டை ஒட்டினாற்போல் விரலை வைத்து மீட்டினார். நாற்பது ஆண்டுக் காலம் பழகிய அந்த விரலுக்கும் கிதார் அதே போலக் கரகரத்தது.

‘மா, உன் விரலில் குற்றமில்லை’ என்றார்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று தோன்றிற்று.

பிறகு அவர் சோதித்த முறையை நான் கூர்ந்து கவனித்தேன். முதலில் கருவியின் உடலை முட்டியால் தட்டிக் கேட்டார். உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குசட்டம் ஏதேனும் பெயர்ந்திருந்தால் அங்கே ஒலி மாறும். முறுக்காணிகளின் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் கரகரப்பு எழும். எந்த மெட்டில் அழுத்தினாலும் மாறாமல் எழும். அவ்வாறு இல்லை. அடுத்து, எதையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் மீட்டினார். ஒலி தூய்மையாக வந்தது. அழுத்தாத தந்தி மட்டும் கரகரத்தால், தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் எலும்புத் துண்டின் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருளாம். ஆகவே அதுவும் இல்லை.

பிறகு தடித்த தந்தியை இடக்கையால் முதல் மெட்டிலும், வலக்கையால் கழுத்து உடலோடு சேரும் பதினான்காம் மெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்தார். அப்போது தந்தியே ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. நடுவே ஆறாம் ஏழாம் மெட்டுகளின் அருகில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் அஞ்சலட்டை நுழையும் அளவு, அதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இருப்பது நன்று. எங்கள் கிதாரில் அவ்விடத்தில் வெளியே இல்லை. தந்தி மெட்டுகளின் மேல் ஒட்டிப் படுத்திருந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்லுகிறேன். மீட்டப்பட்ட தந்தி நேர்க்கோடாக நிற்பதில்லை. நடுப்பகுதியில் அகன்று ஆடுகிறது. ஆகவே கழுத்து முற்றிலும் நேராக இருத்தல் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகச் சற்றே குழிந்திருத்தல் வேண்டும். குழிவு இல்லையேல், ஆடுகின்ற தந்தி அழுத்திய மெட்டுக்கு முன்னாலுள்ள மெட்டுகளில் உராய்கிறது. அந்த உராய்வே நாம் கேட்கும் கரகரப்பு. தண்டவாளங்களை இணைக்கும்போது இடையில் சிறு இடைவெளி விட்டு இணைப்பதை நம் ரயில்வே அன்பர்கள் அறிவர். வெயிலில் இரும்பு நீள்வதற்கு அந்த இடம் வேண்டும். இல்லாவிடில் பாதை நெளிந்துவிடும். தந்திக்கும் அப்படி ஆடுவதற்கு இடம் வேண்டும்.

ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் இழுக்கின்றன. அவ்விழுப்பில் கழுத்து அளவுக்கு மீறி வளைந்துவிடாமல் எதிர்நின்று தாங்குவதற்காக உள்ளே ஓர் எஃகுக் கம்பி புதைக்கப்பட்டிருக்கிறது. ட்ரஸ் ராட் என்பது அதன் பெயர். அதன் முனையைச் சாவியால் வலஞ்சுழியாக முறுக்கினால் கழுத்து நிமிரும். இடஞ்சுழியாகத் தளர்த்தினால் குழியும். மிஸ்திரி முனையில் சாவியை நுழைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் மகளிடம் ஏதோ வினவினார்.

எனக்கு அவ்வினா நன்றாகவே புரிந்தது. ஆயினும் அவள் தன் கடமையைச் செய்தாள். ‘அப்பா, இதை இவ்வளவு இறுக முறுக்கியது யார் என்று கேட்கிறார்.’

ஆவணி மாதத்து இரவொன்று என் கண்முன் வந்து நின்றது. தந்திகள் உயரமாயிருக்கின்றன என்று குழந்தை வருந்தியபோது, அலுவலக நண்பர் ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டு, சாந்தினி சௌக்கில் ஆலன் சாவி ஒன்றை வாங்கி வந்து, அவள் உறங்கிய பின் முக்கால் சுற்று முறுக்கியவன் நானே. தந்திகள் சிறிது தாழ்ந்தன. காலையில் அவள் மகிழ்ந்தாள். நானும் மகிழ்ந்தேன்; பிறகு அதை அடியோடு மறந்து போனேன். பின்னர் அவள் விரலைக் கடிந்துகொண்டிருந்தவனும் நானேதான்.

முன்பு வைத்திருந்தவர்கள் செய்திருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். மிஸ்திரிக்கும் அது பெரிதல்ல. கேட்டது வேலையின் பொருட்டே. ஆனால் அவள் முகத்தை அப்போது பார்த்துவிட்டேன். ‘ஆமி’ என்றேன். ‘நான்’ என்பதற்கு வங்காளத்தில் அதுதான் சொல். அதை மொழிபெயர்க்க அவள் தேவைப்படவில்லை.

மிஸ்திரி சிரித்தார். ‘மழைக்காலத்தில் முறுக்கினீர்களா?’ என்றார். ‘ஆம்’ என்றேன். அவர் கூறிய விளக்கம் எனக்குப் புதிது. கிதாரின் மேற்பலகை மெல்லிய மரம். மழைக்காலத்து ஈரக் காற்றில் அது நீரை உறிஞ்சி வீங்கி மேலெழும்பும். குதிரையும் அதனோடு எழும், தந்திகளும் உயரும். குளிர்காலத்தில் காற்று உலர்ந்தால் மரம் சுருங்கித் தாழும், தந்திகளும் தாழும். மழையில் உயர்ந்தது தானே தாழும் நாள் வரும் என்று அறியாமல், நான் கழுத்தை நிமிர்த்தி வைத்தேன். குளிர் வந்ததும் மேற்பலகையும் இறங்கிற்று. தந்திக்கு ஆட இடமில்லாமற் போயிற்று. ‘குற்றம் கழுத்திலும் இல்லை, தந்தியிலும் இல்லை. நீங்கள் பருவத்தோடு சண்டையிட்டீர்கள்’ என்றார்.

பழுதுபார்த்த விதம் வருமாறு. தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கம்பியைக் கால் சுற்று மட்டும் இடஞ்சுழியாகத் திருப்பினார். மீண்டும் சுருதி சேர்த்து அளந்தார். போதவில்லை. சிறிது நேரம் கருவியைச் சும்மா கிடத்திவிட்டு எங்களுக்கு மண்குவளையில் தேநீர் வரவழைத்தார். மரம் புது நிலைக்கு இணங்க நேரம் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறகு இன்னுமொரு கால் சுற்று. இம்முறை அஞ்சலட்டை நுழைந்தது. முதல் ஐந்து மெட்டுகளின் கரகரப்பு அடங்கிற்று.

ஆயினும் ஓரிடத்தில் மட்டும் எஞ்சியது. இரண்டாம் தந்தியை ஆறாம் மெட்டில் அழுத்தும்போது இரைந்தது. ஐந்தில் இல்லை, ஏழில் இல்லை. ஒரே இடத்தில் இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். சிறிய எஃகு அளவுகோல் ஒன்றை ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று மெட்டுகளின் மேலும் வைத்தார். அது தராசைப் போல இருபுறமும் ஆடிற்று. ஏழாம் மெட்டின் ஓரம் பள்ளத்திலிருந்து மேலெழும்பியிருந்தது. பித்தளைத் தலையுள்ள சிறு சுத்தியலால் மும்முறை தட்டினார். பசை ஒரு துளி விட்டு, மரக்கட்டையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மீண்டும் அளவுகோலை வைத்தபோது அது ஆடவில்லை.

கடைசியாகத் தந்திகளின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீட்டரும் மெல்லிய தந்தி இரண்டு மில்லிமீட்டரும் உயர்ந்திருப்பது பொதுவான அளவு. எங்களது அதைவிட அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. குதிரையின் மேலுள்ள எலும்புப் பட்டையைக் கழற்றி, அடியில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சீவலை வைத்தார். அரை மில்லிமீட்டருக்கு ஏன் ஒரு மில்லிமீட்டர் என்று வினவினேன். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்டநடுவில் இருப்பதால், ஒரு முனையில் உயர்த்தியதில் பாதியே நடுவில் தெரியும் என்றார். ‘ஆஷாடத்தில் மழை பிடித்ததும் இச்சீவலை எடுத்துவிடு மா. குளிர் வந்ததும் மீண்டும் வை. கழுத்தைத் தொடாதே’ என்று மகளிடம் கூறி, என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

வேலை நடந்துகொண்டிருக்கையில், பக்கத்துப் பலகையில் அவருடைய மகன் சிதாரின் குதிரையை அரம் கொண்டு மெல்ல மெல்ல ராவிக் கொண்டிருந்தார். ராவுவதும் தந்தியை மீட்டிக் கேட்பதுமாக இருந்தார். மீட்டும்போதெல்லாம் ஒரு ரீங்காரம் எழுந்தது. ‘அதுவும் கரகரக்கிறதே, அதையும் நீக்குகிறாரா?’ என்று என் மகள் வினவினாள். மிஸ்திரி அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: ‘இல்லை மா. அதை வரவழைக்கிறான். அதற்கு ஜவாரி என்று பெயர். சிதாரில் குதிரை அகலமாக இருக்கும். தந்தி அதன் மேல் உரசி உரசி அதிர வேண்டும். அந்த உரசல் இல்லாவிட்டால் சிதார் பேசாது. அதே உரசல் உன் கிதாரில் வந்தால் பழுது. இந்தப் பலகையில் வரவழைக்கிறோம், அந்தப் பலகையில் போக்குகிறோம்.’

எனக்கு நம் ஊர்த் தம்பூரா நினைவுக்கு வந்தது. தம்பூராவின் குதிரை மேல் தந்திக்கு அடியில் சிறு நூலை வைத்து நகர்த்தி, ரீங்காரம் பிறக்கும் இடத்தைத் தேடுவர். அந்நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் என் அத்தை வீட்டில் தஞ்சாவூர் வீணை ஒன்று இருந்தது. அதன் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. கோடையில் மெழுகு இளகி மெட்டு அசைந்துவிடும், சுருதி கெடும், மேளம் கட்டுபவர் வந்து மறுபடியும் பதித்துக் கொடுப்பார். அவர் வரும்வரை அத்தை வீணையைத் தொடமாட்டாள். ‘கருவி சரியில்லாதபோது வாசித்தால் கை கெட்டுவிடும்’ என்பாள். சிறு வயதில் அவ்வளவு கேட்டிருந்தும், என் மகளின் கையில் பழுதுற்ற கருவியைக் கொடுத்து அழுத்து அழுத்து என்று சொல்லிக் கொண்டிருந்தேனே என்று நாணினேன். இவற்றையெல்லாம் மகளின் வாயிலாக மிஸ்திரிக்குச் சொன்னேன். வீணையின் மெழுகில் என்னென்ன கலப்பார்கள் என்று அவர் ஆவலுடன் விசாரித்தார். தேன்மெழுகும் கரித்தூளும் என்ற அளவில்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

நானூறு ரூபாய் கூலி பெற்றுக்கொண்டு, கருவியைத் துணியால் துடைத்து மகளின் கையில் கொடுத்தார். ‘வாசி’ என்றார். அவள் அங்கேயே, மரச்சீவல்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் அமர்ந்து வாசித்தாள். நான்கைந்து இடங்களில் தவறினாள். தவறியது வேறு, கரகரத்தது வேறு என்பது எங்கள் மூவருக்கும் அப்போது தெளிவாகக் கேட்டது. தவறிய இடங்களை அவளே திரும்ப வாசித்துத் திருத்திக் கொண்டாள். ஒருவரும் அழுத்தச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நொலேன் குட் சந்தேஷ் வாங்கினோம். பேரீச்ச வெல்லம் குளிர்காலத்தில் மட்டுமே கிடைப்பது. மெட்ரோவுக்குப் படியிறங்குகையில், ‘உன்னைக் கடிந்துகொண்டது என் தவறு, அம்மா’ என்றேன். அவள் சற்று யோசித்து, ‘விரல் வலிக்கிறது என்று நான் சொன்னதால்தானே நீங்கள் முறுக்கினீர்கள்?’ என்றாள். பிறகு, பொங்கல் விழாவிலிருந்து தன் பெயரை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை என்றேன். ‘சொல்ல வேண்டாம்’ என்றாள்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது பிள்ளைகள் கிதார் பயிலுகின்றனர். அவர்கள் பொருட்டு மிஸ்திரியிடம் கற்றதைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். கரகரப்பு எழுந்தால் முதலில் சுருதியைச் சரிபாருங்கள். விரலை மெட்டின் நடுவெளியில் வைக்காமல் மெட்டை ஒட்டி வைத்துப் பாருங்கள். அதனால் நின்றுவிட்டால் பழக்கமே மருந்து. அப்போதும் நிற்காவிடில், பழகிய வேறொருவரை அதே இடத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையிலும் கரகரத்தால் குற்றம் கருவியினுடையது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இரைந்தால் ஏதோ ஓர் உறுப்பு தளர்ந்திருக்கிறது. அழுத்தாத தந்தி மட்டும் இரைந்தால் தலைப்பக்கத்து எலும்பைப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து மெட்டுகளில் இரைந்தால் கழுத்து நிமிர்ந்துவிட்டது. உடலை ஒட்டிய மேல்மெட்டுகளில் இரைந்தால் பெரும்பாலும் குதிரைப் பட்டை தாழ்ந்திருக்கும். ஒரே மெட்டில் இரைந்தால் அடுத்த மெட்டு உயர்ந்திருக்கும். சரிசெய்யும்போது முதலில் கழுத்து, அடுத்து மெட்டுகள், அதன்பின் குதிரை என்னும் வரிசை மாறக்கூடாது. கழுத்து மாறினால் மற்ற அளவுகள் யாவும் மாறும். கழுத்துக் கம்பியை அறியாதவர் தொட வேண்டாம். தொடத்தான் வேண்டுமெனில் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். என்னைப் போல் முக்கால் சுற்று முறுக்கிவிட்டு மறந்துபோகவும் வேண்டாம்.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வந்தால், ஹௌரா பாலத்துக்குச் செல்லும் வழியில் லால்பஜார் நாற்சந்தியில் சற்றே வடக்கே திரும்பி அழைத்துச் செல்லுங்கள். நுழைவுச் சீட்டு ஏதும் இல்லை. காதை மட்டும் கொண்டு சென்றால் போதும்.